ஒரு றொக் பாடகரின் அக்கூஸ்டிக் மேடைப் பதிவை முதன்முறை கேட்போருக்கு

திருகோணமலையில் கிற்றார் புதிய வாத்தியம் அன்று. பாலையூற்றுப் பறங்கியர் வீட்டுக் கொண்டாட்டங்களிலும், தேவாலயப் பாடகர் குழுக்களிலும், கலியாண வீட்டுப் பைலாவிலும் அதைக் கேட்டுக்கொண்டேதான் எங்களில் பலர் வளர்ந்தோம். இருந்தும் றொக் இசை என்று சொன்னவுடன் அதே ஆட்கள் சற்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். அது காதைப் பிளக்கும் இரைச்சல் என்பது அவர்களுடைய எண்ணம். அந்த இரைச்சலுக்குள் பாட்டு எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் நெடுங்காலமாக ஒரே வழியையே சொல்லி வருகிறேன். ஒரு நல்ல றொக் பாடகர், மின்கிற்றாரைக் கீழே வைத்துவிட்டு, மரப்பெட்டிக் கிற்றாருடன் சில நூறு பேருக்கு முன்னால் கதிரையில் அமர்ந்து பாடிய பதிவு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஒரு வாரத்துக்கு ஆறுதலாகக் கேளுங்கள். எதற்குப் பின்னாலும் ஒளிந்துகொள்ள முடியாத நிலையில் பாடகர் என்ன செய்கிறார் என்பது அங்கே தெரியும். அது தெரிந்தவருக்கு மின்கிற்றாரின் இரைச்சலும் பிறகு இரைச்சலாகக் கேட்காது.

இந்த வழிகாட்டிக்கு, இங்கிலாந்தின் றொக் பாடகரும் கிற்றார்க் கலைஞருமான எரிக் கிளப்டனின் 'அன்பிளக்ட்' என்ற அல்பத்தை எடுத்துக்கொள்கிறேன். 1992 ஜனவரி 16ஆம் திகதி, இங்கிலாந்தின் வின்ட்சர் நகருக்கு அருகே உள்ள பிரே கலையகத்தில், சிறியதொரு கூட்டத்தின் முன்னிலையில் அது பதிவு செய்யப்பட்டது. மின்கருவிகளை ஒதுக்கிவைத்துப் பாடகர்களைப் பாடவைக்கும் நிகழ்ச்சியை எம்.ரி.வி. தொலைக்காட்சி 1989இல் ஆரம்பித்திருந்தது. கிளப்டன் அந்த வரிசையில் பாடினார். 1992 ஓகஸ்ட் மாதத்தில் அல்பம் வெளிவந்தது. 1993 கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த அல்பம் என்ற விருதையும் பெற்றது. விருதுக்காக நான் அதைத் தெரிவு செய்யவில்லை. புதிதாகக் கேட்பவருக்கு வேண்டிய எல்லாம், அதாவது பழைய புளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு வகை), மெதுவான காதல் பாட்டு, ஒரு தகப்பனின் துயரம், எல்லோரும் சேர்ந்து கூத்தடிக்கும் பாட்டு, ஏற்கெனவே புகழ்பெற்ற றொக் பாட்டொன்றின் மறுபிறப்பு ஆகிய அனைத்தும், ஒரு மணிநேரத்துக்குச் சற்று அதிகமான அளவில் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. அதுவே காரணம்.

அக்கூஸ்டிக் என்றால் மின்சாரமே இல்லை என்று பொருள் கொள்ள வேண்டாம். ஒலிவாங்கிகள் இருக்கின்றன, பதிவுக் கருவிகள் இருக்கின்றன. வேறுபாடு ஒலி எங்கே பிறக்கிறது என்பதில் இருக்கிறது. மின்கிற்றாரில் கம்பியின் அதிர்வு மின்சைகையாக மாறிப் பெருக்கிக்குள் போய்த்தான் ஒலியாகிறது; அங்கே அதை நீட்டலாம், தடிப்பாக்கலாம், அலறவும் விடலாம். மரக்கிற்றாரில் கம்பி அதிர, மேற்பலகை அதிர, பெட்டிக்குள் இருக்கும் காற்று அதிர, அவ்வளவோடு ஒலி முடிந்து மெல்லத் தேய்ந்துவிடுகிறது. வீணையைப் பக்கத்தில் இருந்து கேட்டவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மீட்டிய ஒலி தேய்வதற்குள் அதற்கு உயிர் கொடுக்க வேண்டும். அந்த அவசரமும் அந்த நிதானமும் சேர்ந்ததுதான் விரல்களின் வேலை.

1. பதிவை முழுமையாகப் பெறுங்கள்

பிற்காலத்தில் வந்த விரிவாக்கப்பட்ட பதிப்புகளும் உண்டு. 2013இல் வந்த பதிப்பில் அன்றைய பதிவில் விடுபட்ட பாடல்களும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அவை பிறகு கேட்க வேண்டியவை. முதலில் 14 பாடல்கள் கொண்ட மூலப் பதிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். பாடல்களைக் கலைத்துப் போடும் 'ஷஃபிள்' வசதியைச் செயலியில் நிறுத்திவிடுங்கள். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியை மழுங்கடிக்கும் வசதி ஏதும் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். அலைபேசியில் கேட்பவர் இணைய வேகத்தை நம்பி உட்காராமல் முன்கூட்டியே தரவிறக்கி வைத்துக்கொள்வது நல்லது. விநாடிக்கு 320 கிலோபிட் தரத்தில் முழு அல்பமும் ஏறத்தாழ 150 மெகாபைட் அளவே வரும். டேட்டா குறைவாக இருக்கிறது என்று தரத்தைக் குறைத்துக் கேட்டால், முதலில் காணாமற்போவது கைதட்டலின் இயல்பும் கம்பியின் மினுக்கமும்தான். இந்த அல்பத்துக்கு அவை இரண்டும் முக்கியமானவை.

முழுமையாக என்று நான் அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. 1990களின் பிற்பகுதியில், நகரத்தில் இருந்த ஒலிப்பதிவுக் கடை ஒன்றில் காசு கொடுத்து இந்த அல்பத்தைக் கசெற்றில் பதிப்பித்தேன். அது 60 நிமிடக் கசெற். பதிந்து தந்தவர், இடம் பிடிப்பதற்காகப் பாடல்களுக்கு இடையில் இருந்த கைதட்டலையும் பேச்சையும் வெட்டிவிட்டிருந்தார். அப்படியும் பக்கத்துக்கு 30 நிமிடம் என்ற கணக்கில் கடைசிப் பாடல் அடங்கவில்லை. ஊரடங்கு இரவுகளில் அந்தக் கசெற்றையே நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். அழகாக இருந்தது, ஆனால் ஏதோ ஒன்று குறைந்திருந்தது, அது என்னவென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சில ஆண்டுகளுக்குப் பின்னர், வெளிநாட்டிலிருந்து வந்த பெரியம்மாவின் மகன் கொண்டுவந்த சீடியில் அதே அல்பத்தைக் கேட்டபோதுதான், பாடல்களுக்கு இடையில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதே எனக்குத் தெரிந்தது. பாடகர் ஒரு வார்த்தை சொல்கிறார், கூட்டத்தினர் சிரிக்கிறார்கள், அவர் கம்பியைத் தொடுகிறார், அவர்கள் அடங்குகிறார்கள். மேடைப் பதிவு என்பது அந்த அறையையும் சேர்த்ததே. அறையை வெட்டிவிட்டால் எஞ்சுவது வேறொரு பொருள்.

2. நேரத்தையும் இடத்தையும் தெரிவு செய்யுங்கள்

கடற்கரையில் இருந்து கேட்க வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வருகிறது. டச்பே மணலிலோ உப்புவெளியிலோ கிற்றார் இசை கேட்பது எண்ணிப் பார்க்க இனிமையாகத்தான் இருக்கிறது. முதல் தடவைக்கு அது வேண்டாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கடற்கரையில் காதுக்குள் காற்றுத்தான் கேட்கும். அலையின் ஒலியோ பேஸ் கிற்றாரின் தாழ்ந்த சுரங்களை அப்படியே விழுங்கிவிடும். வீட்டில் இருந்து கேட்பவருக்கும் பகலில் மின்விசிறி, முச்சக்கரவண்டி, திருவிழாக் காலமானால் கோயில் ஒலிபெருக்கி என்று தடைகள் உண்டு. இரவு பத்து மணிக்குப் பிறகோ, விடியற்காலை நான்கரை ஐந்து மணிக்கோ உட்காருங்கள். மின்வெட்டு வந்தால் அதைக் குறையாக எண்ண வேண்டாம். விசிறியும் குளிர்சாதனப் பெட்டியும் அடங்கிப்போன அந்த ஒரு மணிநேரம், மின்னேற்றிய அலைபேசியும் இயர்போனும் உள்ளவருக்கு இந்த அல்பம் கேட்பதற்கென்றே கிடைத்த நேரம்.

புளூடூத் ஸ்பீக்கர் ஒன்றை அறையின் நடுவில் வைத்தால் எல்லா வாத்தியங்களும் ஒரே புள்ளியில் குவிந்துவிடும். சாதாரணக் கம்பி இயர்போன் அதைவிட எவ்வளவோ மேல்; இடது காதுக்கு உரியது இடப்பக்கமும் வலது காதுக்கு உரியது வலப்பக்கமும் இருக்கும்படி சரியாக மாட்டிக்கொள்ளுங்கள். தாழ்ந்த ஒலியைத் தூக்கிக் காட்டும் 'பேஸ்' வசதியை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். மரக்கிற்றாரின் குரல் அதில் தொண்டை கட்டியதுபோல் ஆகிவிடும். சத்த அளவைப் பாதிக்குச் சற்று மேலே நிறுத்திக்கொண்டால் போதும். மெல்லிய ஒலிகள் கேட்கவில்லையே என்று அளவைக் கூட்டாதீர்கள். சில நிமிடங்களில் காது தானாகவே பழகிக்கொள்ளும்.

3. முதல் தடவை ஒன்றும் செய்யாமல் கேளுங்கள்

பாடல் வரிகளைத் தேடாதீர்கள். இடையில் நிறுத்தாதீர்கள். ஆங்கிலம் புரியவில்லை என்றால் அது ஒரு குறையே அன்று. நாதஸ்வரத்தில் வாசித்த கீர்த்தனையை நாம் சாகித்தியம் தெரியாமலே கேட்டு உருகவில்லையா? முதல் பாடலான 'சிக்னே' குரலே இல்லாத வாத்திய இசை. நைலோன் கம்பிக் கிற்றாரின் மென்மையான ஒலி அதில் கேட்கும். பாடகர் தம் அல்பத்தைப் பாடாமல் தொடங்குவது, வந்தவர்களை முதலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பதைப் போன்ற காரியம். அங்கேயே உங்கள் மூச்சு சீராகிவிட வேண்டும்.

முதல் தடவை உங்களுக்குப் பிடித்த மூன்று பாடல்களை மாத்திரம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிடிக்காதவற்றைப் பற்றி இப்போதைக்கு முடிவெடுக்க வேண்டியதில்லை.

4. இரண்டாம் தடவை தாளத்தைப் பிடியுங்கள்

நமக்குப் பழக்கமான தாளத்தில் முதலாம் எண்ணிக்கையில் தட்டுகிறோம். இந்த இசையில் காலால் முதலாம், மூன்றாம் எண்ணிக்கைகளையும், கையால் இரண்டாம், நான்காம் எண்ணிக்கைகளையும் தட்ட வேண்டும். இரண்டாவது பாடலான 'பிபோர் யூ அக்யூஸ் மி'யில் இதைச் செய்து பாருங்கள். முதலில் கை தன்னையறியாமல் ஒன்றிலேயே விழும். நான்கைந்து தடவை விழுந்தெழுந்த பிறகு பாட்டு திடீரென்று ஆடத் தொடங்கும். உண்மையில் நீங்கள்தான் ஆடத் தொடங்கியிருப்பீர்கள்.

அந்தப் பாட்டில் இன்னும் ஒன்று உண்டு. ஒவ்வொரு எண்ணிக்கையும் இரண்டாக அல்லாமல் மூன்றாகப் பிரிகிறது. திஸ்ர நடையில் 'தகிட, தகிட' என்று சொல்லிப் பழகியவர்கள், நடுவில் இருக்கும் 'கி'யை வாய்க்குள் விழுங்கிவிட்டு, 'த–ட, த–ட' என்று சொல்லிப் பார்க்கலாம். நொண்டி நடப்பதுபோன்ற அந்த ஓட்டத்துக்கு ஷஃபிள் என்றே பெயர். செயலியில் நிறுத்தச் சொன்ன ஷஃபிளுக்கும் இதற்கும் தொடர்பில்லை. புளூஸ் இசையின் பெரும்பகுதி இந்த நடையில்தான் போகிறது.

இனி இந்தப் பாட்டை விரற்கணுக்களில் எண்ணிப் பார்ப்போம். புளூஸ் பாட்டின் ஒரு சுற்று 12 ஆவர்த்தனங்கள், ஒவ்வொன்றிலும் நான்கு எண்ணிக்கைகள். பெருவிரலை விட்டு மற்ற நான்கு விரல்களிலும் கணுக்கள் 12. நம் பாட்டிமார் கணக்குப் பார்த்த அதே கணுக்கள். மேல் வரிசைக் கணுக்கள் நான்கும் பாட்டின் முதல் வரி. நடு வரிசை நான்கும் இரண்டாம் வரி. கீழ் வரிசை நான்கும் மூன்றாம் வரி. பெருவிரலை ஆவர்த்தனத்துக்கு ஒரு கணுவாக நகர்த்திக்கொண்டு வாருங்கள். இரண்டாம் வரிசையின் முதற் கணுவுக்கு விரல் வரும்போது, பாட்டின் அடித்தளம் இடம் மாறுவது காதுக்குத் தெரியும். சொல் மாறாது, முதல் வரியே திரும்பப் பாடப்படும். ஆனால் கீழே கிற்றார் வேறொரு சுரத்தில் நிற்கும். மூன்றாம் வரிசை தொடங்கும்போது இன்னும் ஒரு படி ஏறி, முன்னிரு வரிகளுக்கான விடை வந்து விழும், பிறகு எல்லாம் வீடு திரும்பும். இந்த ஒரு சுற்றைக் கணுவில் எண்ணிப் பழகியவருக்கு நூறு ஆண்டு கால அமெரிக்க இசையின் திறவுகோல் கைவசமாகிவிட்டது என்றே சொல்வேன்.

கரைவலை இழுக்கும்போது முன்னே நிற்பவர் ஒரு அடி பாட, கயிற்றைப் பிடித்திருப்பவர்கள் பதில் பாடும் அம்பாவை நிலாவெளிப் பக்கம் கேட்டிருக்கிறீர்களா? வேலைத்தளத்தில் பிறந்த பாட்டு, எடுப்பும் பதிலுமாகத்தான் வரும். அமெரிக்கத் தென்பகுதியில் பருத்தி வயல்களில் உழைத்த கறுப்பின மக்களின் பாட்டுக்கும் அதே அமைப்பு உண்டு. புளூஸில் குரல் ஒரு அடி பாடி நிறுத்தும் இடத்தில் கிற்றார் பதில் சொல்கிறது. அந்தப் பதிலைத் தவறவிடாதீர்கள். பாடகர் வாயை மூடியிருக்கும் இடங்களில்தான் பாதிப் பாட்டு இருக்கிறது.

5. மூன்றாம் தடவை விரல்களைக் கேளுங்கள்

இதற்கு ஒரே ஒரு பாட்டுப் போதும். மூன்றாவதாக வரும் 'ஹே ஹே' பிக் பில் புரூன்சி என்ற பழைய புளூஸ் கலைஞரின் பாட்டு. கண்ணை மூடிக்கொண்டு கிற்றாரின் மிகத் தாழ்ந்த ஒலியை மாத்திரம் பின்தொடருங்கள். அது பெருவிரல். எண்ணிக்கைக்கு ஒன்றாக, கடிகாரம்போல, ஒரே கம்பியைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. உள்ளங்கையின் ஓரத்தால் கம்பியை இலேசாக அமத்தியிருப்பதனால் அந்த ஒலி நீளாமல் 'டும், டும்' என்று குறுகி விழுகிறது. அது நன்றாகப் பிடிபட்ட பிறகு மேலே போங்கள். அங்கே மற்ற விரல்கள், பெருவிரலைப் பற்றிய கவலையே இல்லாமல், மெட்டை வாசித்துக்கொண்டிருக்கின்றன. ஒருவர் ஒரு கையால் இரண்டு பேரின் வேலையைச் செய்கிறார். இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்கப் பழகுவதற்கு எனக்குப் பல இரவுகள் பிடித்தன. பழகிய அன்று, ஒரு வாத்தியத்தைக் கேட்பது என்றால் என்ன என்பது எனக்கு முதன்முறையாக விளங்கியது.

விரல் கிற்றார்க் கழுத்தில் ஒரு கட்டையிலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கும்போது, மெல்லிய கம்பி சுற்றிய தடித்த கம்பியில், அதாவது சுற்றுக் கம்பியில், கீச்சென்று ஒரு சிறு ஒலி எழும். புதியவர்கள் சிலர் அதைப் பதிவின் பழுது என்று நினைக்கிறார்கள். அது கையின் சத்தம். மனிதர் அங்கே இருந்தார் என்பதற்கான அடையாளம். 'வோக்கின் புளூஸ்' பாட்டில் இதற்கு மாறான ஒன்றைக் கேட்கலாம். அங்கே கட்டைகளை விரலால் அமத்தாமல், விரலில் மாட்டிய குழாயைக் கம்பியின் மேல் வழுக்கி வாசிக்கிறார். சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையில் உள்ள தூரம் முழுவதையும் ஒலி தொட்டுக்கொண்டு போகும். கமகத்துக்குப் பழகிய நம் காதுக்கு உலக இசையிலேயே மிக நெருக்கமான மேலைநாட்டு ஒலி இதுதான் என்பது என்னுடைய எண்ணம்.

கூட வாசிப்பவர்களையும் ஒரு தடவையாவது தனித்தனியே பின்தொடருங்கள். இரண்டாம் கிற்றாரில் அன்டி பெயார்வெதர் லோ, பேஸில் நேதன் ஈஸ்ட், ட்ரம்ஸில் ஸ்டீவ் பெரோன், பியானோவில் சக் லவெல், ஏனைய தாளக் கருவிகளில் ரே கூப்பர், பின்பாட்டில் கேட்டி கிஸ்ஸூனும் டெஸ்ஸா நைல்ஸும். 'ஓல்ட் லவ்' என்ற பாட்டு ஏறத்தாழ எட்டு நிமிடம் ஓடும். அதில் பியானோவுக்கு நீண்ட இடம் விட்டுக்கொடுக்கப்பட்டிருக்கிறது. தலைமைப் பாடகர் வழிவிட்டு ஒதுங்கி நிற்கும் அந்த நிமிடங்களில் குழுவின் பண்பு தெரியும்.

6. 'லைலா'வை இரண்டு தடவை கேளுங்கள்

இந்தப் படிக்கு ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள். முதலில் கேட்க வேண்டியது இந்த அல்பத்தில் உள்ளதை அன்று, 1970இல் வந்த மூலப் பாட்டை. டெரெக் அண்ட் த டொமினோஸ் என்ற குழுவுடன் மயாமியில் கிளப்டன் பதிவு செய்தது அது. முதல் விநாடியிலேயே மின்கிற்றார் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வரும். ஒன்றின்மேல் ஒன்றாகப் பல கிற்றார்கள், டுவேன் ஓல்மனின் வழுக்குக் கிற்றார், தொண்டை கிழியக் கத்தும் குரல், அதன் பிறகு பியானோவோடு நீண்டு போகும் இரண்டாம் பாகம் எல்லாமாக ஏழு நிமிடத்துக்கு மேல். பிடிக்கவில்லை என்றாலும் கடைசிவரை கேட்டுவிடுங்கள்.

பெயரின் கதை நமக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். 12ஆம் நூற்றாண்டுப் பாரசீகக் கவிஞர் நிஜாமி பாடிய லைலா மஜ்னு கதையிலிருந்து அந்தப் பெயர் வந்தது. தன் நண்பரான ஜோர்ஜ் ஹரிசனின் மனைவி பட்டி பொய்டின்மேல் கொண்ட காதலால் பித்துப்பிடித்தவராக இருந்த கிளப்டன், தன்னை மஜ்னுவாக எண்ணிப் பாடினார். அப்போது அவருக்கு வயது 25. பிற்பாடு 1979இல் இருவரும் மணம் செய்தார்கள். 1989இல் மணவிலக்கும் பெற்றார்கள்.

இப்போது ஐந்து நிமிடம் மௌனமாக இருந்துவிட்டு, 1992ஆம் ஆண்டுப் பதிவைப் போடுங்கள். தொடங்குமுன், இது எந்தப் பாட்டென்று கண்டுபிடியுங்கள் என்ற பொருள்பட அவர் கூட்டத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்கிறார். பிறகு அதே கிற்றார் அடி மெதுவாக, நொண்டி நடையில், தாழ்ந்த குரலில் வருகிறது. என் தங்கையின் மகளுக்கு இதை முதன்முறை போட்டுக் காட்டியபோது அவள் இயர்போனின் ஒரு பக்கத்தைக் கழற்றிவிட்டு, "மாமா, இதுவும் அதே பாட்டுத்தானோ?" என்று கேட்டாள். "பொறு பிள்ளை, அங்க இருக்கிற ஆக்களுக்கும் இன்னும் விளங்கேல்லை" என்றேன். அடுத்த கணமே கூட்டம் பாட்டை அடையாளம் கண்டு ஆரவாரித்தது, அவளும் சிரித்தாள். இங்கிலாந்தில் ஓர் அறையில் இருந்தவர்களும், ஆண்டுகள் பல கழித்து உட்துறைமுக வீதிக்கு அருகில் ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்த சிறுமியும் ஒரே கணத்தில் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். என் கசெற்றில் வெட்டுப்பட்டுப்போன இடம் அதுதான்.

என்னென்ன மாறியிருக்கிறது என்று எழுதிப் பாருங்கள். வேகம் நன்றாக இறங்கியிருக்கிறது. மூலப் பாட்டில் உச்சத்தில் கத்திய குரல் இங்கே ஒரு ஸ்தாயி கீழே, பக்கத்தில் இருப்பவரோடு பேசுவதுபோல் ஒலிக்கிறது. இரண்டாம் பாகம் முழுவதும் நீக்கப்பட்டுவிட்டது. கம்பியை வளைத்து அழவைக்கும் வித்தைகளும் குறைந்திருக்கின்றன. மின்கிற்றாரின் மூன்றாம் கம்பி சுற்றில்லாத மெல்லிய கம்பி, மரக்கிற்றாரிலோ அது சுற்றிட்ட தடித்த கம்பி, விரலுக்கு அவ்வளவாக வளைந்து கொடுக்காது. வாத்தியத்தின் இந்த எல்லையே பாட்டை மாற்றுகிறது. சொற்கள் அவையேதான். 25 வயதில் அவை கெஞ்சுதலாக இருந்தன. 46 வயதில், அந்தப் பெண்ணை அடைந்து இழந்தும் விட்டவர் பாடும்போது, அதே சொற்கள் நினைவு கூர்தலாகி நிற்கின்றன. பலர் மூலப் பாட்டே சிறந்தது என்பார்கள், பலர் இதுவே சிறந்தது என்பார்கள். எனக்கு இதுவே. கத்தாமலே சொல்ல முடிகிற வயதில்தான் அந்தப் பாட்டுத் தன்னை முழுவதும் திறந்தது என்று நம்புகிறேன்.

பியானோவையும் இங்கே கவனியுங்கள். மூலப் பாட்டில் வழுக்குக் கிற்றார் வாசித்த டுவேன் ஓல்மன் 1971இல் வீதி விபத்தில் இறந்துபோனார். அவர் நிறுவிய ஓல்மன் பிரதர்ஸ் குழுவில் அவருடைய இறப்பின் பின் சேர்ந்தவர்களில் ஒருவர்தான் சக் லவெல். அவரே இந்த மேடையில் இருக்கிறார்.

7. கடைசியாகச் சொற்களுக்கு வாருங்கள்

இப்போது வரிகளை இணையத்தில் எடுத்து, அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசிக்கலாம். 'டியர்ஸ் இன் ஹெவன்' பாட்டில் தொடங்குங்கள். கிளப்டனின் மகன் கோனர், 1991 மார்ச் மாதத்தில் நியூயோர்க்கில் அடுக்குமாடியொன்றின் 53ஆம் மாடியிலிருந்து விழுந்து இறந்தான். அவனுக்கு வயது நான்கு. வில் ஜெனிங்ஸுடன் சேர்ந்து எழுதிய இந்தப் பாட்டில், மேலுலகில் கண்டால் நீ என்னை அறிந்துகொள்வாயா என்று தகப்பன் கேட்கிறார். பத்து மாதத்து வடு அது. ஒப்பாரியின் மண்ணில் பிறந்த நாம், அழுகை உடைந்து வெளியே வரும் என்று எதிர்பார்த்துக் கேட்போம். அது வரவே வராது. குரல் ஓரிடத்திலும் உடைவதில்லை, கிற்றார் ஓரிடத்திலும் தடுமாறுவதில்லை. அந்தக் கட்டுப்பாட்டைக் கல்மனம் என்று எண்ண வேண்டாம். பாடி முடிப்பதற்கு அவருக்கு இருந்த ஒரே வழி அது என்றே எனக்குப் படுகிறது. இந்தப் பாட்டைப் பின்னணியில் ஓடவிட்டு வேறு வேலை செய்யாதீர்கள்.

காசு இருந்தபோது கூட இருந்தவர்கள் அது போனதும் காணாமற்போனதைச் சொல்லும் 'நோபடி நோஸ் யூ' பாட்டுக்கு விளக்கமே தேவையில்லை. வற்றிய குளத்தை விட்டுப் பறந்துபோகும் பறவைகளைப் பற்றி நாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான் அது. 1929இல் பெஸ்ஸி ஸ்மித் பாடிப் புகழ்பெற்ற பாட்டு. பியானோவோடு கேட்க மிக நன்றாக இருக்கும். 'சான் பிரான்சிஸ்கோ பே புளூஸ்' பாட்டில் மூக்கால் பாடுவதுபோல ஓர் ஒலி வரும்போது திகைக்க வேண்டாம். அது கசூ என்ற சிறு ஊதுகருவி, குரலை முனகினால் போதும். கடைசிப் பாடல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பாட்டுக்குள் நாம் நுழைவதுபோல ஆரம்பிக்கும். உங்கள் பிரதியில் ஒன்றும் வெட்டுப்படவில்லை, அது அப்படித்தான்.

8. அடுத்து எங்கே போவது

இதே நிகழ்ச்சி வரிசையில் நிர்வானா என்ற அமெரிக்க றொக் குழு 1993 நவம்பர் 18ஆம் திகதி நியூயோர்க்கில் பாடியதைக் கேட்கலாம். பாடகர் கேர்ட் கோபேன் 1994 ஏப்ரலில் இறந்த பின், அதே ஆண்டு நவம்பரில் அல்பமாக வந்தது. கிளப்டனிடம் உள்ள நிதானத்தை அங்கே தேடக்கூடாது. குரல் கிழிவதை மறைக்காத பதிவு அது. அல்பத்தின் 14 பாடல்களில் ஆறு பிறருடைய பாடல்கள். தம் புகழ்பெற்ற பாட்டை விட்டுவிட்டுப் பிறர் பாட்டைப் பாடும் துணிவும், கிற்றாருக்குப் பக்கத்தில் ஒலிக்கும் செல்லோ என்ற பெரிய வயலின் வகை வாத்தியமும் கவனிக்க வேண்டியவை.

ஆனால் அதற்கு முன் நான் போகச் சொல்லும் இடம் பின்னால் இருக்கிறது. 'வோக்கின் புளூஸ்', 'மோல்டட் மில்க்' இரண்டையும் கிளப்டன் ரொபட் ஜோன்சன் என்பவரிடமிருந்து எடுத்தார். ஜோன்சன் 1936இல் சான் அன்டோனியோவிலும் 1937இல் டலஸிலும் மொத்தம் 29 பாடல்களைப் பதிவு செய்துவிட்டு, 1938இல் 27 வயதில் இறந்தவர். அந்தப் பதிவுகளில் கைதட்டல் இல்லை, குழு இல்லை. ஒரு மனிதர், ஒரு கிற்றார், பழைய இசைத்தட்டின் கரகரப்பு. முதலில் கிளப்டனின் 'வோக்கின் புளூஸ்', உடனே ஜோன்சனுடையது என்ற வரிசையில் கேளுங்கள். விரற்கணுவில் எண்ணிக்கொண்டே வாருங்கள். ஜோன்சன் சில இடங்களில் தன் மூச்சுக்கு ஏற்ப எண்ணிக்கையைக் கூட்டுவார், குறைப்பார். உங்கள் பெருவிரல் தவறான கணுவில் நிற்கும். எண்ணிக்கையை விட்டுவிட்டு, அவர் அடுத்த வரியை எடுக்கும்வரை காத்திருந்து, மேல் வரிசையிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.